இ-பைக்கை மலைப்பாதையில் ஓட்டலாமா? நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் இருக்கிறேன். புதிதாக ஒரு இ-மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறேன், கிளாஸ் 1. சாதாரண சைக்கிள் போகிற எந்த டிரெயிலிலும் இது போகலாம் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் ஒரு டிரெயிலில் ரேஞ்சர் நிறுத்தி, இங்கே இ-பைக்குக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு பார்க்கில் இதே வண்டியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் விதி என்ன?

பதில்:

ரேஞ்சர் சொன்னதுதான் சரி. கடையில் சொன்னதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். சாலைக்கு உள்ள விதியை டிரெயிலுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். வண்டி எந்த கிளாஸ் என்பது பாதிக் கேள்வி. அந்த மண் யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்பது மீதிப் பாதி. மலைப்பாதையைப் பொறுத்தவரை இந்த மீதிப் பாதிக்குத்தான் கனம் அதிகம்.

முதலில் வண்டியை முடித்துவிடுவோம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் மூன்று கிளாஸ் முறையைப் பின்பற்றுகின்றன. கிளாஸ் 1 என்றால் பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும், மணிக்கு 20 மைலில் (32 கி.மீ.) உதவி நின்றுவிடும். கிளாஸ் 2-க்கும் அதே 20 மைல்தான், ஆனால் த்ராட்டில் இருக்கும், மிதிக்காமலே ஓடும். கிளாஸ் 3 பெடல் மிதித்தால் 28 மைல் (45 கி.மீ.) வரை உதவும். மோட்டாரின் வரம்பு 750 வாட். கலிஃபோர்னியா இந்த முறையை 2015-இல் சட்டமாக்கியது. 2017 முதல் ஒவ்வொரு இ-பைக்கிலும் நிரந்தரமாக ஒரு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும்: கிளாஸ் எண், உதவி நிற்கும் வேகம், மோட்டாரின் வாட். எழுத்து ஏரியல் ஃபான்ட்டில் 9 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது என்பதுவரை சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வண்டியில் அந்த லேபிள் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஃபிரேமின் கீழ்க் குழாயிலோ, பெடல் அச்சுக்குப் பக்கத்திலோ சேறு படிந்து மறைந்திருக்கும். ரேஞ்சர் குனிந்து தேடுவது அதைத்தான்.

கடைக்காரர்கள் வழக்கமாக நீட்டுகிற ஆதாரம் 2002-இல் வந்த மத்திய அரசின் சட்டம். பெடல் உள்ள, 750 வாட்டுக்குக் குறைந்த, மோட்டாரால் மட்டும் 20 மைலைத் தொடாத வண்டியை அது சைக்கிளாகக் கணக்கிடுகிறது. ஆனால் அது நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம். பிரேக் எப்படி இருக்க வேண்டும், எந்தத் தரத்தில் விற்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. எங்கே ஓட்டலாம் என்பதைப் பற்றி அது ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டமோ இதில் தெளிவாகவே இருக்கிறது: குதிரைப் பாதை, நடைபயண டிரெயில், பொழுதுபோக்கு டிரெயில் ஆகியவற்றில் இ-பைக்கைத் தடுக்க உள்ளூர் அமைப்புகளுக்கு அதிகாரம் உண்டு. மாநிலப் பூங்காக்களில் அந்த அதிகாரம் பூங்காத் துறைக்கு. நடைமுறையில் அங்கே பூங்காத் துறையின் மாவட்டக் கண்காணிப்பாளர் போடும் உத்தரவுதான் விதி.

இனி நிலத்துக்கு வருவோம். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மூன்று நிர்வாகங்களின் நிலத்தைக் கடந்துவிட முடியும். வேலி இருக்காது, மண்ணின் நிறமும் மாறாது. விதி மட்டும் மாறிவிடும்.

வனத்துறை, அதாவது நேஷனல் ஃபாரஸ்ட்களை நடத்தும் யு.எஸ். ஃபாரஸ்ட் சர்வீஸ், இருப்பவற்றில் கறாரானது. 2005-இல் அவர்கள் கொண்டுவந்த பயண மேலாண்மை விதிப்படி, மோட்டார் உள்ள எந்த வண்டியும் அதற்கென்று குறிக்கப்பட்ட சாலையிலும் பாதையிலும் மட்டும்தான் போகலாம். இ-பைக்கில் மோட்டார் இருப்பதால் அவர்கள் கணக்கில் அது மோட்டார் வாகனம். 2022 மார்ச்சில் வழிகாட்டுதல்களைத் திருத்தியபோது மூன்று கிளாஸ்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். இ-பைக்குக்கு மட்டும் ஒரு பாதையைத் திறக்க வழியும் வைத்தார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. மோட்டார் போகக் கூடாத பாதையில் இ-பைக்கை விட வேண்டும் என்றால், அந்தப் பாதைக்கென்று சுற்றுச்சூழல் ஆய்வு செய்து, மக்கள் கருத்தைக் கேட்டு, முறைப்படி அறிவிக்க வேண்டும். இதற்கான ஆதாரம் எம்.வி.யு.எம். என்று எல்லோரும் சொல்லும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம். ஒவ்வொரு ஃபாரஸ்ட்டுக்கும் தனித்தனியாக, இலவசமாகக் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான். ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். மீறினால் 5,000 டாலர் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இந்த ஆய்வெல்லாம் வெறும் சடங்கு இல்லை என்பதற்கு டாஹோ நேஷனல் ஃபாரஸ்ட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2019-இல் அங்கே, நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் சாதாரண சைக்கிளுக்கும் என்றிருந்த 100 மைலுக்கு மேற்பட்ட பாதைகளில் கிளாஸ் 1 இ-பைக்கை அனுமதித்தார்கள். ஆய்வும் இல்லை, மக்களிடம் கேட்கவும் இல்லை. அந்த அக்டோபரிலேயே குதிரைச் சவாரிக்காரர்களின் சங்கமும் வில்டர்னஸ் சொசைட்டி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து வழக்குப் போட்டன. வனத்துறை அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இ-பைக்கை விரும்புகிறவன் என்ற முறையில் எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் வழக்குப் போட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்தப் பாதைகளில் பலவற்றை அவர்களும் மண்வெட்டி பிடித்துப் பராமரித்து வந்திருக்கிறார்கள். ஒரு பாதையின் தன்மையை மாற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் நிலங்களில் கதை வேறு. (அமெரிக்காவில் இந்த அமைச்சகம் கவனிப்பது தேசியப் பூங்காக்களையும் பொது நிலங்களையும்தான், காவல்துறையை அல்ல.) 2019 ஆகஸ்ட் 29 அன்று அப்போதைய அமைச்சர் டேவிட் பெர்ன்ஹார்ட் 3376 என்ற எண்ணுள்ள உத்தரவில் கையெழுத்திட்டார். சைக்கிள் போகும் இடங்களில் இ-பைக்கும் போகலாம் என்ற திசையில் விதிகளை எழுதச் சொன்னது அந்த உத்தரவு. தேசியப் பூங்காக்களுக்கும், பி.எல்.எம். என்று எல்லோரும் அழைக்கும் நில மேலாண்மைத் துறைக்கும் இறுதி விதிகள் 2020 இறுதியில் நடைமுறைக்கு வந்தன. செய்தித் தலைப்புகளைப் படித்தவர்கள் எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். விதியைப் படித்தால் அப்படி இல்லை. பூங்காவில் கண்காணிப்பாளரும், பி.எல்.எம். நிலத்தில் அந்தப் பகுதி அதிகாரியும் முடிவு செய்து அறிவித்தால்தான் அனுமதி. அனுமதித்த பாதையிலும் மிதிக்காமல் மோட்டாரால் மட்டும் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. ஆக, கிளாஸ் 2 வண்டியை அனுமதிக்கிற இடத்திலும் த்ராட்டிலை மட்டும் முறுக்கிக்கொண்டே போக முடியாது.

யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகவே பிடிபடும். உலகப் புகழ்பெற்ற ஸ்லிக்ராக் டிரெயிலில் இ-பைக் போகலாம். ஏனென்றால் அது 1969-இல் மோட்டார் சைக்கிள்காரர்கள் வகுத்த பாதை, இன்றும் மோட்டாருக்குத் திறந்திருக்கிறது. அதே ஊரைச் சுற்றி மோட்டாருக்கு மூடிய பாதைகளும் நிறைய உண்டு. அங்கே போகுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாறை ஒன்றுதான், டயர் ஒன்றுதான் என்று வாதாடிப் பயனில்லை.

வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் பேச்சுக்கே இடமில்லை. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டாரை மட்டுமல்ல, இயந்திரப் போக்குவரத்தையே தடுக்கிறது. சாதாரண சைக்கிளுக்கும் அங்கே இடம் கிடையாது. மேற்குக் கரை மாநிலங்கள் வழியே போகும் நெடுந்தூர நடைபயணப் பாதையான பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலிலும் 1988 முதல் சைக்கிளுக்குத் தடை இருக்கிறது.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அநேகமாக இவை எதுவும் இல்லை. பே ஏரியாவில் டிரெயில்களில் பெரும்பங்கு கவுண்டி பார்க்குகளிடமும் ஓப்பன் ஸ்பேஸ் மாவட்டங்கள் எனப்படும், திறந்தவெளி நிலங்களைப் பராமரிக்கும் தனித்தனி உள்ளூர் அமைப்புகளிடமும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு, தனி விதி. உதாரணத்துக்கு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மலைத்தொடரின் பெரும்பகுதியை வைத்திருக்கும் மிட்பெனின்சுலா ஓப்பன் ஸ்பேஸ் மாவட்டத்தின் போர்டு, நீண்ட ஆய்வுக்குப் பிறகு 2022-இல் ஒரு முடிவெடுத்தது: மண் பாதைகளில் இ-பைக் வேண்டாம், தார் போட்டது போன்ற செப்பனிட்ட சில பாதைகளில் மட்டும் கிளாஸ் 1, 2 போகலாம். கொலராடோவில் டென்வருக்கு மேற்கே இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டி இதற்கு நேர் எதிர். அங்கே 2017-இல் டிரெயில்களிலேயே நின்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கவும் சொன்னார்கள். 2018-இல் மண் பாதைகளிலும் கிளாஸ் 1-ஐ அனுமதித்தார்கள். இரண்டுமே நேர்மையாக யோசித்து எடுத்த முடிவுகள். ஜெஃபர்சன் கவுண்டி நடந்த வழியைத்தான் நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்வேன். ஓட்டிப் பார்த்த பிறகு பேசுகிறவர்களிடம் பயம் குறைந்துவிடுகிறது.

பயம் என்றேன். அதில் எது நியாயம், எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாதை தேய்ந்துவிடும் என்கிறார்கள். கிளாஸ் 1-ஐப் பொறுத்தவரை இதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சர்வதேச மவுண்டன் பைக் சங்கமான இம்பா 2015-இல் ஓரிகன் மாநிலக் காடு ஒன்றில் சாதாரண மவுண்டன் பைக், கிளாஸ் 1 இ-பைக், மோட்டார் சைக்கிள் மூன்றையும் ஓட்டி, மண் எவ்வளவு இடம்பெயர்கிறது என்று அளந்தது. இ-பைக் கிட்டத்தட்ட சைக்கிளின் அளவிலேயே இருந்தது. மோட்டார் சைக்கிள் எங்கோ மேலே நின்றது. ஒரே இடத்தில் நடந்த சிறிய சோதனை என்பதால் எல்லா மண்ணுக்கும் அதையே பொருத்திவிட முடியாது. ஆனால் டிரெயில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பாதையை நாசமாக்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். மழை ஓய்ந்து மண் காயாத நாளில் ஓட்டி, டயர் பதிந்த தடம் ஒரு வாய்க்காலாகி, அடுத்த மழை அதன் வழியே இறங்கும்போது பாதை போய்விடும். எந்தச் சைக்கிளானாலும் ஈரச் சேற்றில் ஓட்டாதீர்கள். இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள இ-பைக்கில் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிய பயம் பாதி சரி. இறக்கத்தில் இ-பைக்குக்கும் சாதாரண பைக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 20 மைலைத் தாண்டினால் மோட்டார் நின்றுவிடும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வித்தியாசம் ஏற்றத்தில்தான். செங்குத்தான சிங்கிள்டிராக்கில், அதாவது ஒருவர் மட்டும் போகக்கூடிய குறுகிய பாதையில், மூச்சிரைக்க மணிக்கு 4, 5 மைலில் ஏறுகிற இடத்தில் இ-பைக் 8, 10 மைலில் ஏறும். மேலிருந்து இறங்குகிறவர், வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது ஏறி வந்தாலும் மெதுவாகத்தான் வருவார் என்ற பழக்கத்தில் இறங்குகிறார். அந்தக் கணக்கு இப்போது தப்பாகிறது. அடுத்தது எண்ணிக்கை. முன்பு ஒரு முறை ஏறி இறங்கினால் கால் ஓய்ந்துவிடும் பாதையில் இப்போது ஒரே ஆள் மூன்று முறை ஏறி இறங்கலாம். கூட்டம் அதிகமான டிரெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிப் பாதையோ ஒருவழிப் பாதையோ உள்ள இடங்களில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறொன்று. சுர்-ரான் போன்ற வண்டிகள். பெடலே கிடையாது, கால் வைக்கக் கட்டைதான், மணிக்கு 45 மைல் அளவில் பறக்கும். எந்தக் கிளாஸிலும் சேராத மின்சார மோட்டார் சைக்கிள் அது. ஆனால் விற்கிறவரும் ஓட்டுகிறவரும் இ-பைக் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு நடைபயணியின் தோளை உரசிக்கொண்டு அப்படி ஒன்று போனால், அடுத்த போர்டு கூட்டத்தில் அவர் இ-பைக் மோதப் பார்த்தது என்றுதான் சொல்வார். தடை உங்கள் மேல் விழும். வேக வரம்பை எடுத்துவிடும் சிப் மாட்டுகிறவர்கள் செய்வதும் இதே கெடுதல்தான். வரம்பை எடுத்த நிமிடமே அது கிளாஸ் 1 அல்ல, லேபிளில் என்ன எழுதியிருந்தாலும். கலிஃபோர்னியாவில் 2025 முதல் அப்படிப்பட்ட கருவிகளை விற்பதற்கும் தடை இருக்கிறது. த்ராட்டிலால் ஓடும் வண்டியை கிளாஸ் 1 என்றோ 3 என்றோ அழைக்க முடியாது என்பதையும் அதே சமயத்தில் சட்டம் தெளிவாக்கியது.

மோட்டார்களின் சக்தியும் ஏறிக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பாஷ் மோட்டாரின் உச்ச சக்தி 600 வாட், முறுக்குவிசை 85 நியூட்டன் மீட்டர். 2024-இல் டி.ஜே.ஐ. நிறுவனம் கொண்டுவந்த அவினாக்ஸ் மோட்டார் உச்சத்தில் 1,000 வாட்டையும் 120 நியூட்டன் மீட்டரையும் தொடுகிறது. 750 வாட் என்ற வரம்பு தொடர்ந்து தரும் சக்தியைக் குறிக்கிறதா, உச்ச சக்தியைக் குறிக்கிறதா என்ற வாதம் இதனால்தான் சூடுபிடித்திருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், டிரெயிலில் ஓட்டும் கிளாஸ் 1 வண்டிக்கு உச்ச சக்தியிலேயே ஒரு கட்டு வேண்டும். போர்டுகள் நம்மை நம்பி அனுமதித்தது, நன்றாக மிதிக்கும் ஒருவருக்குக் கொஞ்சம் துணை நிற்கிற வண்டியை. அதை மறந்துவிடக் கூடாது.

அனுமதி உள்ள இடத்தில் எப்படி ஓட்டுவது என்பதற்கு வருகிறேன். பொது விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இ-பைக்கில் ஏறும்போது இந்த இரண்டாவது உரிமையைப் பிடிவாதமாகப் பயன்படுத்தாதீர்கள். நின்று மறுபடி கிளம்புவது உங்களுக்கு எளிது. முன்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும் சாதாரண சைக்கிள்காரரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். உதவியைக் குறைத்து, இடைவெளி விட்டு, அகலமான இடம் வரும்வரை காத்திருங்கள்.

குதிரை வந்தால் இறங்கிவிடுங்கள். பாதையின் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். மேட்டில் நிற்கும் உருவம் குதிரைக்கு மேலிருந்து பாயக் காத்திருக்கும் மிருகமாகத் தெரியும். மோட்டார் ஓசை முழுக்க அடங்கட்டும். பிறகு சாதாரணக் குரலில் பேசுங்கள். "குட் மார்னிங், நான் இங்கேயே நிற்கிறேன், நீங்கள் போங்கள்" என்றால் போதும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட அந்த உருவம் மனிதன்தான் என்று குதிரைக்குத் தெரிவது உங்கள் குரலால். சவாரி செய்கிறவர் சொல்லும்வரை நகராதீர்கள். டாஹோ வழக்கில் முன்னே நின்றவர்கள் குதிரைக்காரர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இப்படி ஒரு நிமிடம் நின்றவரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

முழங்கால் வலியாலோ, இதயச் சிகிச்சைக்குப் பிறகோ இ-பைக்குக்கு மாறியவர்கள் சிலர் தனியாகக் கேட்பதுண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் 2011-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நடமாட்டக் குறைபாடு உள்ளவர் பயன்படுத்தும் மோட்டார் சாதனத்தை, அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று காரணம் காட்ட முடிந்தால் தவிர, மாநில, உள்ளூர் அமைப்புகள் அனுமதிக்க வேண்டும். அதனால் இ-பைக் கூடாத பல கவுண்டி டிரெயில்களிலும் இவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விதி மத்திய அரசு நிலங்களைக் கட்டுப்படுத்தாது. வனத்துறைப் பாதையில் அதைக் காட்டி நுழைய முடியாது.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாக: அங்கே 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரை உதவும் பெடல் வண்டி சட்டப்படி சைக்கிள்தான். ஆகவே சைக்கிளுக்கு உள்ள விதி அதற்கும் பொருந்தும். ஆனால் சைக்கிளுக்கே கட்டுப்பாடு உள்ள இடங்கள் உண்டு. ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஆஸ்திரியாவில் காட்டுக்குள் நடப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, சைக்கிள் ஓட்ட நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 45 கி.மீ. வேக வண்டிகள் மோப்பெட் வகையைச் சேர்ந்தவை, அவற்றை டிரெயிலுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் என்ன பார்க்க வேண்டும்? டிரெயில்ஃபோர்க்ஸ் ஆப்பில் பாதையைத் தொட்டால் இ-பைக் அனுமதி பற்றிக் குறிப்பு இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்கலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தகவல் பயனாளர்கள் நிரப்புவது, பழையதாக இருக்கலாம். பாதையை நிர்வகிப்பது யார் என்று அதே பக்கத்தில் பார்த்து, அந்த அமைப்பின் இணையதளத்தில் இ-பைக் விதியைத் தேடுங்கள். நேஷனல் ஃபாரஸ்ட் என்றால் எம்.வி.யு.எம். பாருங்கள். தெளிவில்லை என்றால் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேளுங்கள், கிளாஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். டிரெயில் வாசலில் உள்ள பலகையில் "மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை" என்று மட்டும் இருந்து, இ-பைக் பற்றி எதுவும் இல்லை என்றால், அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடிய பாதை திறக்க வேண்டும் என்று விரும்பினால் அதற்கும் வழி உண்டு. மாவட்ட போர்டோ வனத்துறையோ கருத்துக் கேட்கும் காலத்தில் கடிதம் எழுதுங்கள். "இ-பைக்கை அனுமதியுங்கள்" என்று ஒற்றை வரியில் எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், வேறு பயன் இருக்காது. எந்தப் பாதை, எந்தக் கிளாஸ், ஏறுவதற்கு மட்டுமா இரு வழிக்குமா, வார இறுதிக் கூட்டத்தில் என்ன செய்யலாம், சோதனை முறையில் ஓராண்டு பார்க்கலாமா என்று எழுதுங்கள். அத்தோடு உள்ளூர் டிரெயில் சங்கத்தின் வேலை நாளுக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். மக்லவுட் என்ற மண்வெட்டியைக் கையில் கொடுத்து, தண்ணீர் பள்ளத்துப் பக்கம் வழிந்து ஓடும்படி பாதையின் ஓரத்தைச் சரிக்கச் சொல்வார்கள். பக்கத்தில் குனிந்து வேலை செய்கிறவர் உங்கள் கடிதத்தைப் படிக்கப்போகும் போர்டு உறுப்பினராகவே இருக்கலாம், நீங்கள் இ-பைக் ஓட்டுகிறவர் என்று அவரிடம் அங்கேயே சொல்லுங்கள்.